பேர் கொடுக்காத பெரட்டு

இப்போது நான் வேலை செய்யும் அலுவலகத்தில் போன வாரம் உடல்நல மாதம் ஆரம்பமாகியிருக்கிறது. ஈப்போ நகரின் நடுவில், குளுகுளு அறையில், ஆளுக்கொரு யோகா பாய். கையில் கட்டிக்கொள்ள ஒரு கடிகாரமும் கொடுத்திருக்கிறார்கள். நடந்தால் பாராட்டுகிறது, உட்கார்ந்தால் திட்டுகிறது. சேர்வதற்குக் கைப்பேசியைத் தட்டினால் போதும். பேர், வயது, எடை, அப்பா அம்மாவுக்கு என்ன வியாதி என்று ஒன்று விடாமல் கேட்கிறது. பக்கத்து மேசைப் பெண் ரொட்டி சானாயைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பிவிட்டாள். நான் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். பேர் என்ற இடத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ பிஸ்கட் வேகும் வாசனை வருவதுபோல இருந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வருவதற்கு முன் பல வருடம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருந்தேன். சிம்பாங் பூலாய்க்கு அந்தப் பக்கம், சுண்ணாம்பு மலைகள் கண்ணுக்கு முன்னால் நிற்கும் இடம். தொழிற்சாலை வருவதற்கு முன் அது ரப்பர் தோட்டம். நான் பிறந்து வளர்ந்த தோட்டமும் அதுதான். தோட்டத்தை விற்று, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளை இடித்து, எங்களையெல்லாம் மலிவு விலை அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். பிறகு அதே மண்ணில் பிஸ்கட் சுடுவதற்கு எங்களையே பஸ் வைத்துக் கூட்டிவந்தார்கள். நான் மட்டும் ஈப்போவில் படித்து, மேசை நாற்காலியோடு திரும்பி வந்தேன். பால்மரம் நின்ற இடத்தில் கார் நிறுத்துவது எனக்குக் கடைசி வரை பழகவே இல்லை.

பாக்கிங் பகுதியில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அந்தத் தோட்டத்துக்காரர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் ஓர் அக்கா. சொந்த அக்கா இல்லை. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி, அந்தப் பாரத்தோடும் ஆண்களை முந்திக்கொண்டு நடப்பாள். ஒரு சொட்டுப் பால் சிந்தாது. அவள் நடையைப் பார்ப்பதற்காகவே பால் ஸ்டோர் பக்கம் போய் நிற்பேன். அத்தனை அழகாக நடந்த ஒருத்தியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்த அக்காதான் ஒருநாள் பாக்கிங் மேசைக்கு அடியில் காலை மறைத்து வைத்துக்கொண்டு நின்றாள். குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தில் சுண்டு விரல் இருக்கும் இடத்தை அட்டைப்பெட்டி வெட்டும் கத்தியால் அறுத்திருந்தாள். உள்ளே பிளாஸ்டர் கறுத்திருந்தது. என்னக்கா என்று கேட்டேன். சப்பாத்து கடித்துவிட்டது என்றாள். பிறகு கவனித்துப் பார்த்தால் தண்ணீர் போத்தலைக் கீழே வைப்பதே இல்லை. அடிக்கடி கழிவறைக்குப் போனாள். பெட்டியைத் தூக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் எங்கள் வீட்டிலேயே பார்த்துப் படித்தவள் நான். அப்பாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. விரலில் ஆரம்பித்தது. பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போயிற்று. கடைசியில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத காலைச் சொறியக் கையை நீட்டுவார். அந்தச் சப்பாத்து ஓட்டையைப் பார்த்ததும், அக்காவின் காலும் அப்படிப் போய்விடும் என்று பயந்தேன்.

சரியாக அந்த நேரத்தில்தான் கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. தொழிலாளர் நலத் திட்டம் நடத்த வேண்டுமாம். இரத்தப் பரிசோதனை, உடற்பயிற்சி, மன அழுத்தக் கேள்வித்தாள். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று மாதாமாதம் சொல்ல வேண்டுமாம். பிஸ்கட் கம்பெனி சீனியைக் குறைக்கச் சொல்கிறதே என்று அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தது. இதைச் சாக்காக வைத்து அக்காவை டாக்டரிடம் உட்கார வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மலாயிலும் தமிழிலும் அறிவிப்பு ஒட்டினேன். மேசை மேசையாகப் போய்ப் பேர் கொடுங்கக்கா, பேர் கொடுங்கக்கா என்று கேட்டேன். நான் வருவதைப் பார்த்தாலே பெண்கள் கழிவறைக்குப் போனார்கள். கழிவறைக்குள்ளும் போய்க் கேட்டேன், வெட்கப்படாமல். கலந்துகொள்பவர்களுக்கு மைலோ டின் என்று சொல்லிப் பார்த்தேன். மைலோவிலும் சீனிதானே என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கேன்டீனில் ஸும்பா வைத்தேன். ஈப்போவிலிருந்து இறுக்கமான உடையில் ஒரு பயிற்சியாளர் வந்து பாட்டைப் போட்டார். வந்தவர்கள் நான், கணக்குப் பிரிவுப் பெண், இலவச டி-ஷர்ட்டுக்காக இரண்டு லோரி டிரைவர்கள். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பிள்ளையைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அக்கா சொன்னதாகத் திங்கட்கிழமை எனக்குச் செய்தி வந்தது. பேராக்கில் அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே பெரிய மனநல மருத்துவமனைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அவள் வேடிக்கையாகச் சொன்னது கைமாறிக் கைமாறி, மன அழுத்தக் கேள்வித்தாளில் தப்பாக எழுதினால் நேராக அங்கே ஏற்றிவிடுவார்களாம் என்று ஆகிவிட்டது. அதோடு அந்தத் தாளைத் தொடக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

இரத்தம் பார்க்க எங்கள் கிளினிக்கிலிருந்து டாக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துப் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே ஈப்போவுக்கு வந்தவர்கள் என்றாலும் பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது. கூட்ட அறையில் ஊசியையும் மெஷினையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் வராத அலுப்பில், மேசையில் இருந்த பிஸ்கட்டில் ஒரு தட்டு காலி.

"ஒருத்தரும் வரேல்லையே, பிள்ளை" என்று வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கே இடைவேளையில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். சாமான் அறைக்குப் பின்னால், உடைந்த பிஸ்கட் மூட்டைகளுக்கு நடுவில். எங்கள் அப்பா காலைப் பார்த்தவள்தானே நீ, உனக்கும் அப்படிப் போக வேண்டுமா என்று கத்தினேன். பேரை எழுதி ஒரு சொட்டு இரத்தம் கொடுக்க என்ன கேடு என்றேன். அவள் மூட்டையில் சாய்ந்துகொண்டு நான் அடங்கும் வரை பொறுத்திருந்தாள்.

"பேரு குடுத்தா, பேர வெட்டிருவாங்க" என்றாள்.

பெரட்டு என்ற வார்த்தை தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் விடியும் முன் மணி அடித்ததும் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையாகப் போய் நிற்க வேண்டும். அதுதான் பெரட்டு. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவுடன் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. பேர் இருக்கும் வரைதான் லயத்தில் வீடும். பேரை வெட்டிவிட்டார்கள் என்றால் ஒரு குடும்பமே மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்களுக்குள் சண்டை வந்தால்கூட "ஒம் பேர வெட்ட" என்றுதான் திட்டுவோம்.

அக்காவின் அப்பாவுக்கு இருமல். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஏதோ எழுதி ஆபீசுக்கு அனுப்பினாராம். அடுத்த நாள் பெரட்டில் எல்லார் பேரும் வந்தது, அவர் பேர் வரவில்லை. கிராணி விட்டுவிட்டார்போல என்று நினைத்து அவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். ஆட்கள் எல்லாம் காட்டுக்குள் போன பிறகும் நின்றாராம். வீடு போகாமல் இருப்பதற்காக அவர் பேர் இருந்த இடத்தில் அக்காவின் பேரைப் போட்டார்கள். பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அவள் பால் வாளியை எடுத்தாள். பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. அவள் ராணி மாதிரி நடந்துவருவது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது இருப்பது நம் சொந்த வீடு, கம்பெனி வீடு இல்லையே என்று மெதுவாகச் சொன்னேன்.

"வீடு நம்மளுதுதான் லா. அரிசி யாருது?" என்று கேட்டாள்.

 வேலை ஓய்வுக்கு அவளுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. நோயாளி என்று தெரிந்தால் அதற்குள் அனுப்பிவிடுவார்கள் என்று அவள் நம்பினாள். அவள் நம்பியதால் பாக்கிங் முழுவதும் நம்பியது. நானோ மேசை மேசையாகப் போய், கிராணி மாதிரியே பேர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் மேலாளரிடம் போனேன். ஈப்போக்காரர், சீனர், ஒரு மிட்டாயை வாயின் ஒரு பக்கத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் பேசுவார். தலைமையகம் கேட்பது தலை எண்ணிக்கைதான், பேர் இல்லை, அதனால் பேரே வாங்கப்போவதில்லை என்றேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார். டாக்டரம்மாதான் மல்லுக்கு நின்றார். பேர் இல்லாமல் ஆருக்கு மருந்து சொல்லுறது என்று கேட்டார். எண்ணைக் காதோடு காதாக அந்த ஆளிடமே சொல்லுங்கள், சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். கிளினிக்கில் இரண்டு நாள் காத்துக் கிடந்துதான் சம்மதிக்க வைத்தேன்.

ஸும்பாவுக்கு முழுக்குப் போட்டேன். அதற்குப் பதிலாகக் காலையில், வேலை தொடங்கும் முன், கார் நிறுத்தும் இடத்தில் கை காலை நீட்டி மடக்கிக் கொஞ்சம் நடை. வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, முடித்தவர்களுக்கு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு. அதில் சம்பல் அதிகம், சோறு குறைவு. டாக்டரம்மாவின் நிபந்தனை அது. பேருக்குப் பதில் ஆளுக்கொரு பிஸ்கட் பேரை வைத்துக்கொள்ளலாம் என்றேன். உண்மையில் நாசி லெமாக்கைவிட அதுதான் வேலை செய்தது. கிரீம் கிராக்கர் எனக்கு, தேங்காய் பிஸ்கட் எனக்கு என்று அடித்துக்கொண்டார்கள். உடம்பு பெருத்த ஒருத்தி வேஃபர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினாள்.

முதல் நாள் காலை மலை மேல் பனி கலையவில்லை. அரை வெளிச்சத்தில் பெண்கள் வரிசையாக நின்றோம். அக்கா சேரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, காவலர் கொட்டகைப் பக்கம் ஒரு காலில் பாரம் கொடுத்து நின்றபடி எங்களைப் பார்த்தாள்.

"என்னா லா இது, பெரட்டா?" என்றாள்.

 தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அந்தப் பேர் அப்படியே நிலைத்துவிட்டது. நாளைக்குப் பெரட்டு உண்டா என்று தொழிற்சாலையில் வேலை செய்த வங்காளதேசத்துப் பையன்கள்கூட வந்து கேட்டார்கள். பெரட்டு மணியை நினைத்தால் இன்னும் தூக்கம் கலையும் என்று என் அம்மா சொல்வாள். அந்தக் காலத்துப் பெரட்டுக்காக ஏங்கும் ஆள் நான் இல்லை. ஆனால் எங்கள் பெரட்டு வேறு. அதில் யாரும் யார் பேரையும் வெட்டவில்லை.

சில நாளில் அக்காவே உப்பு பிஸ்கட் என்று பேர் வைத்துக்கொண்டு முன்னால் வந்து கிராணி ஆகிவிட்டாள். பிஸ்கட் அட்டை ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, அந்தப் பழைய கிராணியின் மூக்கால் பேசும் குரலில் கூப்பிடுவாள். "கிரீம் கிராக்கர்!" என்றால் "இருக்கேன்!" என்று ஒரு குரல். "தேங்காய் பிஸ்கட்!" என்றால் இன்னொன்று. வேஃபர் தாமதமாக வந்தால் அரை நாள் பேர்தான், அரைச் சம்பளம்தான் என்று மிரட்டுவாள். என் வேலைக் காலத்தில் அந்தக் காலைகளைப் போலச் சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. தலைமையகம் எங்கள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, பொய்க் கணக்கா என்று போன் செய்து கேட்டது.

எல்லாரையும் கூப்பிட்ட கிராணி, தன் விரலை மட்டும் கொடுக்கவில்லை. டாக்டரம்மா வரும் நாட்களில் அட்டையைக் கொடுத்துவிட்டு நழுவிவிடுவாள். சப்பாத்தில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் போனால் மருந்து வாசனையையும் மீறி ஒரு வாடை வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். கெஞ்சினேன். இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். ஓய்வு வரட்டும், அன்றைக்கே போவேன் என்றாள். அதுவரை கால் காத்திருக்குமா என்று நான் கேட்டதற்கு, பெட்டிகளை அடுக்கப் போய்விட்டாள்.

பிறகு ஒரு காலை மேலாளரே பெரட்டுக்கு வந்தார். தலைமையகத்துக்குப் படம் அனுப்ப வேண்டுமே, அதற்காக. டாக்டரம்மா விடவில்லை. வந்ததுதான் வந்தீர்கள், விரலை நீட்டுங்கள் என்று எல்லார் முன்னாலும் குத்திவிட்டார். மெஷினைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், எழுந்து காதுக்குள் சொன்னார். மேலாளர் வாயில் இருந்த மிட்டாயை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். மறைத்திருக்கலாம். ஆனால் அவர் பெண்களைப் பார்த்துத் திரும்பி, "சாயா புன்யா லாகி திங்கி" என்றார். உங்கள் எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகம் என்று அர்த்தம். சொல்லிவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அட்டையைப் பிடித்தபடி முன்னால் நின்ற அக்காதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப மொதல்ல அவரு பேர வெட்டச் சொல்லு லா."

என்ன சொன்னாள் என்று மேலாளர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பேர் வெட்டுவது என்றால் என்ன என்றும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. சீனிக்காக ஆளை அனுப்புவதென்றால் இந்தத் தொழிற்சாலையில் நான்தான் முதலில் வெளியே போக வேண்டும், அப்படி யாரையும் அனுப்ப மாட்டேன் என்று மலாயில் சொன்னார். அவர் நல்லவரா கெட்டவரா என்று அன்று வரை நான் முடிவு செய்திருக்கவில்லை. அன்று முடிவு செய்தேன்.

அக்கா அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து விரலை நீட்டினாள். மெஷின் எண்ணைக் காட்டாமல் எழுத்துக் காட்டியது. அளவுக்கு மேல் போனால் அப்படித்தான் காட்டுமாம். டாக்டரம்மா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கடிதம் தருகிறேன் என்றார். பேனாவை எடுத்தவர் என்னைப் பார்த்தார். கடிதத்தில் உப்பு பிஸ்கட் என்று எழுத முடியாது.

எனக்கு அவள் பேர் தெரியும். ஆனால் நான் சொல்லக்கூடாது என்று இருந்தேன். அவளாகத்தான் சொல்ல வேண்டும். அக்கா கார் நிறுத்தும் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பழைய தோட்ட ஆபீஸ் அங்கேதான், ஏறக்குறைய காவலர் கொட்டகை இருந்த இடத்தில் இருந்தது. அவள் அப்பா அன்றைக்கு நின்றதும் அங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். எழுதுங்க என்று சொல்லி, தன் பேரையும் அப்பா பேரையும் முழுசாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் அழுதேன். மானம் போக அழுதேன்.

சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திரும்பி வந்தபோது மேலாளர் அவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார், தரம் பார்க்கும் மேசையில். உட்கார்ந்து சம்பளம் வாங்குவது கூச்சமாக இருக்கிறது என்று ஒரு மாதம் புலம்பினாள்.

அவள் வந்த முதல் காலை பெரட்டில் அட்டை என்னிடம் இருந்தது. அகலமான புதுச் சப்பாத்தோடு மெதுவாக வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். நான் "உப்பு பிஸ்கட்" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடு என்றாள். அக்காவை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? பிறந்ததிலிருந்து என் வாயில் வராத பேர் அது. கிராணிக்கு என்ன அக்கா தங்கச்சி, கூப்பிடு என்று அதட்டினாள். கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுடைய "இருக்கேன்" மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

இப்போது அந்தத் தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போனால் காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவேன். தார் வெடித்துப் புல் முளைத்திருக்கிறது. அக்கா ஓய்வு பெற்று, சித்தியவானில் மகள் வீட்டோடு இருக்கிறாள். காலையில் கடைத்தெரு வரை நடப்பதாகவும், ராணி நடை போய் வாத்து நடை ஆகிவிட்டதாகவும் சொல்கிறாள். எனக்கு அந்த நடையும் பிடிக்கும்.

கைப்பேசியில் கோடு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். வாரத்தில் ஓரிரு காலை இப்படிச் செய்வதுண்டு. ஹலோ சொல்ல மாட்டேன். பேரை மட்டும் கூப்பிடுவேன், மூக்கால், கிராணி மாதிரி. அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்போல. துப்பிவிட்டு வர நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் என் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது, எப்போதும் போல.

"இருக்கேன் லா" என்றாள். "நீ சாப்பிட்டியா?"